டேங்க் கிளீனர்னு நினைச்சு வாங்குறீங்களா? செடித் தொட்டியில் கோரிடோராஸ் கெளுத்தி ஏன் சாகிறது, என்ன செய்யணும்?

வண்ண மீன் கடையில் எல்லாம் வாங்கி முடித்து, கடைக்காரர் பையில் ரப்பர் பேண்ட் போடும்போது கடைசியாக ஒரு வார்த்தை வரும். "அடியில அழுக்கு நிக்காம இருக்க ரெண்டு கெளுத்தி போட்டுக்கோங்க." சென்னை கொளத்தூரில் தொடங்கி, சின்ன ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை வரை இதே பேச்சுதான். அப்படி ஜோடியாக வீட்டுக்கு வரும் மீன் பல நேரம் சில மாதம்கூடத் தாண்டுவதில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதே மீன் 5 வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அது அழுக்கு சேரும் இடத்தில் வாழ்கிறது. அதனால் அழுக்கைத் தின்று வாழ்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மற்ற மீன்கள் போடும் கழிவை எந்தக் கெளுத்தியும் சாப்பிடுவதில்லை. அதுவும் சாப்பிட்டு, அதே தரையில் தன் பங்குக் கழிவையும் போடும். அதாவது தொட்டியின் தரை கெட்டுப்போனால் முதலில் அடி வாங்குவது இந்த மீன்தான்.

எந்த மீன் இது?

கெளுத்தி என்றதும் நமக்கு ஆற்றுக் கெளுத்தி ஞாபகம் வரும். இது அதன் தூரத்துச் சொந்தம். கோரிடோராஸ் எனப்படும் இந்தச் சின்னக் கெளுத்திகளின் ஊர் தென் அமெரிக்கா. அமேசான், ஒரினோகோ போன்ற ஆறுகளிலும் அவற்றின் கிளை ஓடைகளிலும் கூட்டமாக வாழ்பவை. பெரும்பாலான வகைகள் இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. செதில் கிடையாது. அதற்குப் பதிலாக உடம்பின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், கவசம் போட்ட மாதிரி. கிரேக்க மொழியில் தலைக்கவசம், தோல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர்தான் கோரிடோராஸ்.

கடைகளில் அதிகம் கிடைப்பது வெண்கல நிறக் கோரி, அதன் வெள்ளை வகையான அல்பினோ கோரி, உடம்பெல்லாம் கரும்புள்ளி உள்ள பெப்பர் கோரி. கொஞ்சம் விலை அதிகமாக ஸ்டெர்பாய், பாண்டா. இதில் பெப்பர் கோரிக்கு ஒரு சரித்திரம் உண்டு. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்துக் கொண்டுபோன மீன்களில் இதுவும் ஒன்று. 1842-ல் லெனார்ட் ஜெனின்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 2024-ல் ஆய்வாளர்கள் கோரிடோராஸ் கூட்டத்தையே பல பேரினங்களாகப் பிரித்து, இவற்றில் பலவற்றின் பெயரை மாற்றிவிட்டார்கள். கடைக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை, நாமும் கோரி என்றே சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு வாங்காதீங்க

ஜோடியாக வாங்குவதுதான் முதல் தப்பு. கோரி கூட்டத்தில் வாழும் மீன். ஒன்றோ இரண்டோ போட்டால் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சாப்பிடக்கூட வெளியே வராமல் கிடக்கும். ஒரே வகையில் குறைந்தது 6 வாங்குங்கள். வெண்கலத்தில் இரண்டு, பாண்டாவில் இரண்டு, ஸ்டெர்பாயில் இரண்டு என்று கலந்து கட்டினால் அது கூட்டம் ஆகாது. அழகுக்காக அப்படி வாங்குபவர்கள்தான் அதிகம்.

6 மீனுக்கு 2 அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டி போதும். அதில் ஏறக்குறைய 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மண், கல், மரக்கட்டை போக இன்னும் குறையும். உயரமான தொட்டியால் இந்த மீனுக்கு ஒரு லாபமும் இல்லை. அதற்கு வேண்டியது ஓடித் திரிய நீளமும் அகலமும்.

தரை எப்படி இருக்கணும்?

கோரி சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் புரியும். மூக்கு வரை மணலுக்குள் விட்டு, ஒரு வாய் மணலை எடுத்து, அதில் இருக்கும் சாப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியாக வெளியே விடும். வாயைச் சுற்றியுள்ள மீசைகள்தான் அதற்குக் கை, நாக்கு எல்லாம். தொட்டுப் பார்ப்பதும் ருசி பார்ப்பதும் அவற்றால்தான். மீசை தேய்ந்துபோன கோரி, எதிரே சாப்பாடு இருந்தும் தடுமாறும்.

அதனால் தரைக்கு நைசான, முனை மழுங்கிய மணல் வேண்டும். தொட்டிக்கு அழகாக இருக்கிறது என்று கண்ணாடிக் கல், கூர் முனை உள்ள கலர் ஜல்லி போட்டால் மீனால் வாய் வைக்க முடியாது. வீடு கட்ட வாங்கிய எம்-சாண்ட் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கொட்டுபவர்களும் உண்டு. எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது, ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். வேண்டாம். கடற்கரை மணலும் வேண்டாம். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும், தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி மணலில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நன்றாக அலசிய மென்மையான ஆற்று மணல், இல்லையென்றால் நீச்சல் குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணலில் முனை மழுங்கியதாகப் பார்த்து வாங்கலாம்.

ஆனால் மணலை மாற்றியதும் வேலை முடிந்துவிடாது. மீசை தேய்வதற்குக் கல் குத்துவது மட்டும் காரணம் இல்லை. பல தொட்டிகளில் அதைவிடப் பெரிய காரணம் தரையில் அழுகிக் கிடக்கும் சாப்பாடும், அதில் பெருகும் பாக்டீரியாவும்தான். பட்டு மாதிரி மணல் போட்டுவிட்டு, வாரக்கணக்கில் சுத்தம் செய்யாமல் விட்டால் மீசை அப்போதும் போய்விடும். வயிற்றின் அடியில் சிவப்புத் திட்டு தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் இந்தத் தரையின் வேலைதான்.

மீன் நடமாடும் இடத்தில் மணல் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ரொம்ப ஆழமாகப் போட்டால் அடியில் ஆக்சிஜன் போகாமல் கறுத்துப்போகும். கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மீனுக்கு அது விஷம். அப்படி இருந்தால் ஒரே நாளில் முழுசாகக் கிளறிவிடாதீர்கள், ஒவ்வொரு வாரமும் ஒரு மூலை என்று சுத்தம் செய்யுங்கள்.

செடிக்கு மண், மீனுக்கு மணல்

இங்கேதான் செடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல். செடிக்குச் சத்துள்ள மண் ஆழமாக வேண்டும், கோரிக்கு மெல்லிய மணல் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் கொடுக்க முடியும். பின்பக்கம் செடி மண், முன்பக்கம் அகலமான மணல் மேடை. நடுவில் கல்லோ மரக்கட்டையோ வைத்துத் தடுத்துவிட்டால் மண்ணும் மணலும் கலக்காது. அந்த மணல் மேடைதான் மீனுக்குச் சாப்பாட்டு மேசை, நமக்கு வேடிக்கை பார்க்கும் திண்ணை.

புதிதாக நட்ட செடியைக் கோரி மூக்கால் நோண்டிப் பிடுங்கிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, வேர் பக்கத்தில் சாப்பாடு தேடும். அதனால் கட்டையில் கட்டி விடும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி செடிகள் தொல்லை இல்லாதவை. தரையில் நடுவதென்றால் வேர் பிடித்துக்கொள்ளும் கிரிப்டோகோரைன் நல்லது. கடைகளில் அதிகம் விற்கும் கிரிப்டோகோரைன் வென்டியை இலங்கையைச் சொந்த ஊராகக் கொண்டது. நம் பக்கத்துத் தண்ணீருக்கும் சூட்டுக்கும் பழகிக்கொள்ளும். நட்டு வேர் பிடிக்க மூன்று, நான்கு வாரம் விட்டு, பிறகு மீனை விடுங்கள். தொட்டியில் பாக்டீரியா நிலைபெறவும் எப்படியும் அத்தனை வாரம் ஆகும்.

வேருக்கு வைக்கும் உர மாத்திரையை ஆழமாகப் புதையுங்கள். மேலோட்டமாக வைத்தால் மீன் கிளறி வெளியே எடுத்துவிடும். அதில் இருக்கும் அம்மோனியம் நேராகத் தண்ணீரில் கலக்கும்.

திடீர்னு மேலே பாய்ந்து வருகிறதே, ஏன்?

கோரி வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். அடியில் அமைதியாக இருந்த மீன் ராக்கெட் மாதிரி மேலே போய், ஒரு வாய் காற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப அடிக்கு வரும். பயப்பட ஒன்றும் இல்லை. கோரி விழுங்கிய காற்றைக் குடலுக்குக் கொண்டுபோய், அங்கே ரத்தத்துக்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சக் காற்றைப் பின்வழியாக விட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்த ஓடைகளில் பிழைத்து வந்த மீனுக்கு இயற்கை கொடுத்த ஏற்பாடு இது.

எத்தனை முறை போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அவ்வப்போது ஒன்று போனால் சாதாரணம். எல்லா மீனும் மாற்றி மாற்றி ஓயாமல் மேலே போய்க்கொண்டிருந்தால் தண்ணீரில் ஏதோ சரியில்லை. ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கலாம். நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். அந்த நேரத்தில் மருந்து தேடாமல், குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் வைத்து, தொட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது மாற்றுவதுதான் முதல் வேலை. பிறகு டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

இதில் போர் தண்ணீர் வீடுகள் ஒன்றைக் கவனிக்கணும். அம்மோனியாவின் விஷம் தண்ணீரின் பி.எச் அளவைப் பொறுத்தது. பி.எச் 7-ல் இருந்து 8-க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி ஏறக்குறைய 10 மடங்கு ஆகிவிடும். சூடு ஏறினாலும் அது கூடும். பக்கத்து வீட்டுத் தொட்டியில் தாங்கிய மீன் உங்கள் தொட்டியில் சாவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, மேலே வந்து போக மீனுக்கு வழி விடணும். தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். மிதக்கும் செடிகள் பாய் விரித்த மாதிரி முழுசாக மூடிவிடக் கூடாது. மூடியே இல்லாமல் விட்டால் பாய்ந்த வேகத்தில் வெளியே விழுந்துவிடும்.

ராத்திரி ஆபத்து

பகலில் செடிகள் ஆக்சிஜன் விடும். விளக்கை அணைத்ததும் செடி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடர்த்தியாகச் செடி வைத்த தொட்டியில் விடியற்காலைதான் ஆக்சிஜன் ரொம்பக் குறைவாக இருக்கும் நேரம். செடிக்காக சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு விடுபவர்கள், விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது நிற்கும்படி டைமர் வையுங்கள். ராத்திரி ஏர் பம்பு ஓடட்டும். "மேலே வந்து காற்று குடிக்கத் தெரிந்த மீன்தானே" என்று விட முடியாது. தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டால், மீன் தன் உடம்பில் இருப்பதைச் செவுள் வழியாக வெளியே தள்ள முடியாமல் திணறும்.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதம் வீட்டுத் தொட்டி 30 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். பெப்பர் கோரிக்கும் பாண்டாவுக்கும் 25-க்குள் இருப்பதுதான் சௌகரியம். ஏசி இல்லாத அறையில் அவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது, எவ்வளவு அழகாக இருந்தாலும். ஸ்டெர்பாய் 28 வரை நன்றாகத் தாங்கும், வெண்கலக் கோரியும் ஓரளவு சமாளிக்கும். மூடிக்குப் பதிலாக வலை போட்டு, தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்புகள் தங்கிவிடும். அதனால் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள்.

கரன்ட் போனால்? பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே கெட்டுப்போன தண்ணீர் முழுசும் தொட்டிக்குள் வரும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பிறகு ஓட விடுங்கள்.

மிச்சம் மீதி சாப்பாடு போதாது

மேலே போடும் உணவை மற்ற மீன்கள் சாப்பிட்டு, கீழே விழுவதைக் கோரி சாப்பிட்டுக்கொள்ளும் என்று விட்டால் அது மெதுவாகப் பட்டினியால் சாகும். அடியில் மூழ்கும் பெல்லெட், வேஃபர் தனியாக வாங்குங்கள். விளக்கை அணைத்தபின் மணல் மேடையில் போடுங்கள். மற்ற மீன்கள் அடங்கியிருக்கும் நேரம், கோரிக்கு நிம்மதியாகச் சாப்பாடு கிடைக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு முறை ஐஸில் உறைய வைத்த ரத்தப்புழு கொடுக்கலாம். கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு மீனுக்கு ரொம்பப் பிடிக்கும்தான். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளரும் புழு, கூடவே நோயும் வரும். கொடுக்காமல் இருப்பதே மேல்.

காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு, அடுத்த நாள் அளவைக் குறைக்கணும். மேலே இருந்து பார்க்கும்போது வயிறு லேசாக உருண்டிருந்தால் மீன் சாப்பிடுகிறது. சாப்பிட்டும் வயிறு உள்ளே ஒட்டிப்போனால் குடல் புழு இருக்கலாம்.

வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயை மணலுக்குள் குத்தாமல், ஒரு விரல் உயரத்தில் பிடித்து நகர்த்தினால் கழிவு மட்டும் வரும். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராக மாற்றிய மறுநாள் கண்ணாடியில் சின்னச் சின்ன முட்டைகள் ஒட்டியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மழை வந்துவிட்டதாக நினைத்து முட்டையிட்டிருக்கும்.

வலை, உப்பு, மருந்து

கெளுத்தி முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று ஆற்றில் மீன் பிடித்தவர்களைக் கேட்டால் தெரியும். சின்னதாக இருந்தாலும் கோரிக்கும் அந்த முள் உண்டு, முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும். பயந்தால் விறைப்பாக நீட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் இழுத்து எடுக்கும்போது துடுப்பு கிழியும். வலைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள். ஆஸ்கர் மாதிரி பெரிய வாய் மீனோடு விடுவதும் இரண்டுக்குமே ஆபத்து. கோரியை விழுங்கப் போய், முள் தொண்டையில் சிக்கி அதுவும் செத்துவிடும்.

வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் ஒரு பிடி கல் உப்பு போடுவது நம் ஊர் வழக்கம். செடித் தொட்டியில் அது சரிப்படாது, செடிகள் கருகும். நோய் வந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளைச் செதில் இல்லாத மீனுக்குப் பாதி அளவில் தொடங்குவது வழக்கம். லேபிளில் அதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நத்தை கொல்ல என்று விற்கும் தாமிரம் கலந்த மருந்தைக் கோரி இருக்கும் தொட்டியில் ஊற்றவே கூடாது.

புது மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் விட்டால் பாதி நோய் வராது. வாங்கும்போதே மீசை முழுசாக இருக்கிறதா, வயிற்றில் சிவப்பு இல்லையா என்று கேட்டு, திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கண்ணைச் சிமிட்டினால் கவலைப்பட வேண்டாம். இமை கிடையாது, கண்ணைக் கீழே உருட்டுவது அப்படித் தெரியும்.

கெளுத்தின்னு சொல்லி 'சக்கர்' கொடுத்தால்?

டேங்க் கிளீனர் என்ற பெயரில் கோரிக்குப் பதிலாகக் கடைகள் கொடுக்கும் இன்னொரு மீன் சக்கர். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மீன். இதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், ஆனால் கதையே வேறு. வாங்கும்போது விரல் நீளம் இருக்கும், வளர்ந்தால் ஒன்றரை அடி வரை போகும். 2 அடித் தொட்டியில் அதனால் திரும்பக்கூட முடியாது. செடி இலைகளையும் சுரண்டிவிடும்.

தொட்டிக்கு அடங்காமல் போனதும் பலர் அதைப் பக்கத்து ஏரியிலோ கால்வாயிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழகம், ஆந்திரா என்று பல மாநில நீர்நிலைகளில் இப்போது சக்கர் பெருகிக் கிடப்பது அப்படித்தான். கரையில் வளை தோண்டி முட்டையிடும், நம் ஊர் மீன்களின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். முள்ளும் கவசமும் வலையைக் கிழிப்பதால் உள்நாட்டு மீனவர்களுக்கு அது நேரடி நஷ்டம். ஏற்கெனவே வாங்கிவிட்டு வைக்க இடம் இல்லாதவர்கள் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி வைத்திருப்பவர்களிடம் கொடுக்கலாம். ஏரியில் மட்டும் விடாதீர்கள்.